பெரியப்பாவின் மறுகாற்று

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "நம்ம நாட்டுல புயலே கெடையாதுங்க, கொடுத்து வச்ச நாடு" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். எனக்கு வாய் நீளம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து கை கழுவப் போய்விட்டேன். சாலாக் செலாத்தானில் என் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் மனசு அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். துறைமுக லயத்தில் என்னோடு வளர்ந்தவர்கள் இப்போது நாலைந்து பேர் மிஞ்சியிருப்போம். இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

அவர் சொன்னது சரிதான். கடலுக்கு அந்தப்பக்கம் நம் பூர்வீக ஊரில் வீசுகிற மாதிரியான புயல் இங்கே கிடையாது. எங்கள் பெரியப்பா அதைக் கடைசிவரை நம்பவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்றைக்குப் போர்ட் கிள்ளான் என்று சொல்கிற இடம்தான் அன்றைக்கு கிள்ளானிலிருந்து ரயில் போய் முட்டி நிற்கும் துறைமுகம். வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் லயத்துக்கு ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் சேறு. சேற்றைத் தாண்டினால் பாக்காவ் மரக்காடு. கடல் ஏறும்போது அந்த மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். இறங்கும்போது வேரெல்லாம் வெளியே தெரியும். அந்தச் சேற்று வாசனையும், எஞ்சின் கரிப்புகையும், பக்கத்துச் சீனக் கம்பத்து வீடுகளில் பாயில் காயும் இறால் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு ஊர். இரண்டு வருடத்துக்கு முன் பேரன் காரில் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடியை இறக்கச் சொல்லி மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். டீசல் வாசனைதான் வந்தது.

அப்பாவுக்குத் தொங்காங்கில் வேலை. பெரிய கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும். அதிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் சுமைப்படகுதான் தொங்காங். பெரியப்பா அப்பாவுக்குப் பதினைந்து வயது மூத்தவர். துறைமுக ஆபீசில் ஜாகா வேலை, அதாவது காவல். லயத்தின் கடைசி அறையில் தனியாகப் படுப்பார். சாப்பாடு எங்கள் வீட்டில்.

அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனுடைய அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுவது அந்தக் காலத்தில் மரியாதை இல்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே இருந்தது? அதனால் எங்கள் வீட்டில் தபால்காரி நான். பெரியப்பா கைக்கெட்டும் தூரத்தில் இலைக்கு முன் உட்கார்ந்திருப்பார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாப்பா, பெரியப்பாவுக்கு ரசம் வேணுமானு கேளு" என்பாள். அவர் காதில் நன்றாக விழும். ஆனால் பதில் சொல்லமாட்டார். நான் திரும்பி, "பெரியப்பா, ரசம் வேணுமா?" என்று கேட்ட பிறகுதான், "கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்பார். அதை மறுபடி நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை. நான் இல்லாவிட்டால் பெரியப்பா பட்டினி கிடப்பார் என்றே நினைத்திருந்தேன்.

ஆபீசில் துரை அறைச் சுவரில் வட்டமாக ஒரு கருவி மாட்டியிருந்தது. காற்றின் கனத்தைக் காட்டும் என்பார்கள். லயத்தில் அதற்குப் பெயர் காத்துக் கடிகாரம். வெளியே கொடிமரம். பொல்லாத காற்று வரப்போகிறது என்று செய்தி வந்தால் அதில் ஏற்றுவதற்குக் கித்தான் துணியில் தைத்த கறுப்புக் கூம்பு ஒன்று இருந்தது. கூம்பை ஏற்றினால் படகுகள் வெளியே போகக்கூடாது. அதை வைத்திருந்தவர் பெரியப்பா. நான் அறிந்து அது ஒரு தடவைகூட மரத்தில் ஏறியதில்லை. ஆனால் அவர் மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து, தையல் விட்ட இடத்தைத் தைத்து, தார் பூசி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு உள்ளே போவார்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. கடிகாரத்து முள் எங்கே நிற்கவேண்டும் என்று மட்டும் கண்ணாடியில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தார். புள்ளி வைத்த மறுநாளே சாயங்காலம் நாலு மணிக்கு முள் புள்ளியை விட்டு இறங்கிவிட்டது. பெரியப்பா லயத்துக்கு ஓடிவந்து எல்லோரையும் கயிறு எடுக்கச் சொன்னார். ஆடுகளை உள்ளே கட்டினோம், பானையில் தண்ணீர் பிடித்தோம், அடுப்பை அவித்தோம். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் நாலு மணிக்கு முள் இறங்கியது. மறுபடியும் கயிறு, ஆடு, பானை. மூன்றாம் நாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து, "அண்ணே, இந்தச் சீமையில அது தெனம் நாலு மணிக்கு எறங்கும், ராத்திரி ஏறும். அதுக்கு அதான் வேலை. புயலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று கும்பிட்டுச் சொன்னார். பெரியப்பா முகம் சுண்டிப்போனது. அந்தப் புள்ளியை மட்டும் அவர் அழிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தால் லயம் அவர் கைக்குப் போய்விடும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பம்தான் எங்களுக்குப் பூர்வீகம். லயத்தில் பாதிப்பேர் அந்தக் கரைக்காரர்கள். புயல் என்றால் அவர்கள் உடம்பே உஷாராகிவிடும். வடக்குப் பக்கக் கூரைக்கு இரட்டைக் கயிறு போட்டு முளையில் கட்டுவார்கள், ஊரில் காற்று முதலில் வடக்கிலிருந்துதான் வரும் என்பதற்காக. அரிசியை வறுத்து இடித்துத் தகரத்தில் அடைப்பார்கள். தீப்பெட்டியை மெழுகுத்துணியில் சுற்றி மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் வைத்து மூடி, சந்தில் மாவு பூசுவார்கள். அந்த வறுத்த மாவில் கொஞ்சம் வெல்லம் சேர்த்து எங்களுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பாள் அம்மா. அதற்காகவே தினமும் ஒரு புயல் வராதா என்று இருக்கும் எனக்கு.

பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் படகோட்டி, பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுவோம், வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்ப்பார். "சுமத்ரா காத்து மேக்க இருந்துதான் வரும். சத்து ஜாம், ஹாபிஸ்" என்று ஒரு விரலைக் காட்டுவார். ஒரு மணி நேரம், அவ்வளவுதான், முடிந்துபோகும் என்று அர்த்தம். பெரியப்பா மரியாதையாகத் தலையாட்டுவார். அந்தப் பக்கம் போனதும், "அவருக்கு மறுகாத்தப் பத்தி என்ன தெரியும்" என்பார்.

மறுகாற்றுதான் பெரியப்பாவின் முழு பயம். ஊரில் பெரும்புயல் அடிக்கும்போது நடுவில் திடீரென்று ஓய்ந்துவிடுமாம். வெயில்கூட அடிக்குமாம். முடிந்தது என்று நினைத்து வெளியே வந்தால், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து முன்னைவிடப் பெரிதாக ஒரு காற்று வருமாம். அது வீட்டுக்குள் இருப்பவனை விட்டுவிட்டு வெளியே நிற்பவனை அள்ளிக்கொண்டு போகுமாம். அதனால் லயத்தில் ஒரு சட்டம்: காற்று எழுந்தால் எல்லோரும் பஜனைக் கூடத்துக்குள் வரவேண்டும். அதுதான் கெட்டிமரத் தூண் போட்ட கட்டடம். காற்று நின்றாலும், மறுகாற்று வந்து போகிறவரை பெரியப்பா கதவைத் திறக்கமாட்டார்.

அந்த வருடம்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவிச் சலித்துப்போய், அப்பாவோடு தொங்காங்கில் ஏறிக்கொண்டார். இருபத்திரண்டு வயதிருக்கும். சீட்டியடித்துக்கொண்டே சட்டை துவைப்பார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "நீ பெரிய மனுசியானா ஒனக்குக் குச்சு கட்டப்போறவன் நாந்தான். மரியாதையா இருந்துக்க" என்று மிரட்டுவார். வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன்தானே பச்சை ஓலையில் குச்சு கட்டவேண்டும்? அந்த உரிமை தனக்கு என்பதில் அவருக்கு ஏக குஷி.

அவர் பெரியப்பாவைக் கேலி செய்யாத நாள் இல்லை. ஆடு தும்மினால்கூட, "பெரியவரே, கயிறு எடுக்கவா?" என்று கேட்பார். பெரியப்பா முறைப்பார். ஒருநாள் அம்மா மாமாவைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்காரவைத்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாங்க, கைப்புள்ளையோட. ஒனக்குத் தெரியுமா?"

"செத்துட்டாங்கனு கேள்விப்பட்டேன்."

"புயல்ல நடுவுல காத்து நின்னுச்சாம். நின்னுருச்சு, ஒங்கம்மா எப்படி இருக்குனு பாத்துட்டு வானு இவருதான் கதவத் தொறந்து அனுப்பினாராம். புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுப் போனாங்களாம். அப்புறம் மறுகாத்து வந்துச்சாம்."

அன்றிலிருந்து மாமாவின் கேலி நின்றது. பெரியப்பா கயிற்றை எடுப்பதற்கு முன்பே மாமா முளையடிக்கப் போய்விடுவார். பெரியப்பாவும் அவரைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். கூம்புக்குத் தார் பூசக்கூட ஒரு தடவை அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று லயத்துக்குத் தெரியும்.

காற்று வந்த நாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். வாசல் தெளிக்க வந்த அம்மா மேற்கே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கடலுக்கு மேலே கறுப்பாக, வில் மாதிரி வளைந்து ஒரு மேகம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்பாவும் மாமாவும் முதல் சங்குக்கே தொங்காங்கில் போயிருந்தார்கள். பெரியப்பா ஆபீசிலிருந்து ஓடிவந்தார். முள் புள்ளியிலேயே நின்றதாம். ஒரு நூல்கூட இறங்கவில்லையாம். மேலிடத்திலிருந்து செய்தியும் இல்லை. இத்தனை வருடம் தைத்துத் தைத்து வைத்த கூம்பை அன்றைக்கும் அவர் ஏற்றவில்லை. "கூடத்துக்கு வாங்க, எல்லாரும் வாங்க" என்று கத்திக்கொண்டே லயம் முழுக்க ஓடினார்.

கூடத்துக்குள் நாற்பது பேர் இருந்திருப்போம். அன்றைக்கு வேலை முறை இல்லாத ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பெரியப்பா குறுக்குக்கட்டையைப் போட்டுக் கதவை அடைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். அப்புறம் காற்று வந்தது. மேற்கிலிருந்து வந்தது. வடக்கே கட்டிய இரட்டைக் கயிறு எதற்கும் உதவவில்லை. எங்கள் வீட்டு அத்தாப்புக் கூரை பிய்ந்து போவதைப் பலகைச் சந்து வழியாக நானே பார்த்தேன். மழை பக்கவாட்டில் அடித்தது. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் இருக்கும். காற்று நின்றது. சும்மா நிற்கவில்லை, துண்டாக அறுத்தாற்போல் நின்றது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம் வந்தது. ஆண்கள் எழுந்தார்கள்.

"ஒக்காருங்க," என்றார் பெரியப்பா. "இது நடு ஓய்வு. இப்ப போறவன் திரும்ப மாட்டான்."

இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அன்றைக்கு அது முட்டாள்தனமாக யாருக்கும் படவில்லை. "ஆமா, எங்க அப்பாரும் சொல்லுவாரு" என்று ஒருவர் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் அந்தக் கரைக்காரர்கள். எல்லோர் வீட்டிலும் மறுகாற்று கொண்டுபோனவர்கள் இருந்தார்கள்.

அம்மா உட்காரவில்லை. பலகைச் சந்தில் காதை வைத்து எதையோ கேட்டாள். பிறகு குனிந்து என் காதில் சொன்னாள்: "பாப்பா, ஒங்கப்பாவும் மாமாவும் வெளிய இருக்காங்க. பெரியப்பாகிட்ட போயி, அம்மா கதவத் தொறக்கச் சொன்னாங்கனு சொல்லு."

நான் போனேன். உட்கார்ந்திருந்தவர்களின் காலைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பெரியப்பாவுக்கு முன்னால் நின்றேன். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. கதவுக்கு வெளியே எதையோ கேட்டபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "உள்ள போ தங்கம். இன்னும் வரும்" என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

"சொன்னியா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்மா."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று அறுபது வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரசம் வேண்டுமா என்று கேட்கப் போனவள் ஒரு நாளும் வெறும் கையோடு திரும்பியதில்லை. அந்தப் பெருமைதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

அம்மா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது திறப்பார், இதோ திறப்பார் என்று நின்றாள். ஒரு உலை கொதிக்கிற நேரம் போனது. அதற்கு மேலும் போனது. அப்போது வெளியே யாரோ கதவை இடித்தார்கள். பாக்சிக்கின் குரல்.

"தொங்காங் தெர்பாலெக்! ஓராங் ஜாத்தோ லாவுத்!"

தொங்காங் கவிழ்ந்துவிட்டது, ஆட்கள் தண்ணீரில் என்று நாற்பது பேருக்கும் புரிந்தது. பாக்சிக் தன் சின்னச் சம்பான் படகில் போய்ப் பார்த்திருக்கிறார். கடல் இறங்க ஆரம்பித்துவிட்டது. அந்த இழுப்பில் ஒற்றை ஆள் துடுப்பு போட முடியவில்லை. சேற்றில் ஏறிக்கிடந்த பெரிய படகைத் தள்ளி இறக்க எட்டுப் பேராவது வேண்டும். கதவுக்கு வெளியே நின்று அதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

"தொறக்காதீங்க," என்றார் பெரியப்பா.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோரையும் தாண்டிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள். பத்து வருடத்தில் முதல் தடவை அவரைப் பார்த்துப் பேசினாள்.

"கதவத் தொறங்க. என் புருசனும் என் தம்பியும் தண்ணியில கெடக்காங்க."

பெரியப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு விலகினார். குறுக்குக்கட்டையைத் தன் கையாலேயே எடுத்துக் கீழே போட்டார். அவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டது அந்தக் கதவு.

ஆண்கள் சேற்றில் முழங்கால்வரை இறங்கிப் படகைத் தள்ளினார்கள். அப்பாவைப் பாக்காவ் வேரைக் கட்டிப் பிடித்தபடி கண்டுபிடித்தார்கள். மாமா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்த உடலைச் சீன மீனவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுகாற்று வரவே இல்லை. அன்று பகல் முழுதும் வெயில் அடித்தது, கழுவிவிட்ட மாதிரி நல்ல வெயில். பெரியப்பா மட்டும் கூடத்து வாசலில் உட்கார்ந்து ஊரில் மறுகாற்று வரும் தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குப் பேச்சு வந்ததும் முதலில் பெரியப்பாவைத்தான் கூப்பிட்டார். லயமே சுற்றி நின்றது. "காத்தடிச்ச ஒடனே போயிட்டான் அண்ணே. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள. நீங்க எப்பத் தொறந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். பெரியப்பா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அது பொய். அன்று சாயங்காலம், பிய்ந்த கூரைக்குக் கீழே ஈரப்பாயில் படுத்துக்கொண்டு அப்பா அம்மாவிடம் நிஜத்தைச் சொன்னார். நான் தூங்குவதாக நினைத்துச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். காற்று நின்ற பிறகும் மாமா நன்றாகத்தான் இருந்தாராம். அங்கிருந்து கூடத்துக் கூரை தெரிந்ததாம். மாமா கையைக் குவித்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம்.

"அப்புறம் சிரிச்சான். பெரியவரு இப்ப வுடமாட்டாரு மச்சான், மறுகாத்த அனுப்பிட்டுத்தான் ஆள வுடுவாருன்னான். கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா அவன் கை பலகையில இல்ல."

அம்மா அழவில்லை. அப்பாதான் அழுதார். "அண்ணனுக்கு இது தெரிய வேணாம். ஏற்கெனவே ரெண்டு உசுரத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு" என்றார். அம்மா "சரி" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது: "பாப்பா, பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." நான் போய்ச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்தார். பழையபடி ரசம், பழையபடி தபால். ஆனால் நான் ஒவ்வொரு தடவை அம்மாவின் வார்த்தையைக் கொண்டுபோகும்போதும் இலையைப் பார்த்துத்தான் சொல்வேன். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அம்மா அவரிடம் கேட்பாள், அவர் உண்மையைச் சொல்வார், நான் மாட்டிக்கொள்வேன். மூன்று வருடம் இந்தப் பயத்திலேயே போனது.

மூன்றாம் வருடம் நான் பெரியவளானேன். குச்சு கட்ட ஆள் இல்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி. ஒன்றுவிட்ட மாமா ஒருவரைக் கிள்ளானிலிருந்து வரவழைக்கலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வெளியே வந்து, வேலியோரம் நின்ற பெரியப்பாவைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"நீங்க கட்டுங்க."

"அப்பன் பக்கத்து ஆளு கட்டுறதா? அதுவும் பொண்டாட்டி இல்லாதவரா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

"என் தம்பி எடத்துல அவருதான் கட்டணும்," என்றாள் அம்மா.

பெரியப்பா தென்னை ஓலை வெட்டி வந்து முடைந்து கட்டினார். என்னை உள்ளே உட்காரவைத்த பிறகும் ஒரு பக்கம் முடிந்திருக்கவில்லை. மற்றவர்கள் பந்திக்குப் போய்விட்டார்கள். ஓலைக்கு அந்தப்பக்கம் பெரியப்பாவும், அவருக்கு ஓலை எடுத்துக் கொடுக்கிற அம்மாவும்தான். பச்சை ஓலை வாசனையில் நான் மஞ்சள் பூசிய கையோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அம்மா.

"கேளும்மா."

"தம்பி காத்தடிச்ச ஒடனே போவல. அவரு ஒங்களுக்காகப் பொய் சொன்னாரு."

"தெரியும். அவன் கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தரம் கேட்டுச்சு." ஓலையை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. "எம் பொண்டாட்டி கூப்புடுறானு நெனச்சிட்டேன்."

அம்மா மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு நான் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நான் நேரா வந்து கேட்டதும் தொறந்துட்டீங்க. அதுக்கு எம்புட்டு நேரத்துக்கு முன்னாடி பாப்பாகிட்டச் சொல்லி அனுப்பினேன்! அப்பவே தொறந்திருந்தா அவன் கெடச்சிருப்பான். அது வந்து சொன்னப்ப ஏன் தொறக்கல?"

ஓலை முடைகிற சத்தம் நின்றது. கட்டி முடிக்காத இடத்தில் ஒரு சாண் சந்து இருந்தது. அதன் வழியாகப் பெரியப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவருக்கு அது போதுமாயிருந்தது.

"பாப்பா வந்து சொல்லுச்சு," என்றார். "தெளிவாத்தான் சொல்லுச்சு. நாந்தான் கேக்கல."

அவர் கடைசி ஓலையை எடுத்து அந்தச் சந்தை மூடினார். கயிறு இறுகும் சத்தம் கேட்டது. அம்மா அழுவதும் கேட்டது, மாமா போனதற்கு அப்புறம் முதல் தடவையாக. அழுது முடித்து, "கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது" என்றாள், நேராக அவரிடமே. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எனக்குத் தபால் வேலை இல்லாமல் போனது.

பெரியப்பா இன்னும் ஆறு வருடம் இருந்தார். அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்தால் தலையில் கை வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். வயதாக ஆகத் தம்பி நினைவு அவளுக்கு அடிக்கடி வந்தது. "பச்சப்புள்ள போயிச் சொல்லியும் தொறக்கல பாரு, அந்த மனுசன்" என்று சொல்லிச் சொல்லித் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.